வானத்துக்குக் காவல்

ஷியௌலியாய், லிதுவேனியா
14 பிப்ரவரி 2010

அன்புள்ள யூராதே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்துபோனவள் ஏழு வாரமாக ஒரு வரி எழுதவில்லையே! தொலைபேசியில் பேசினால் உன் பின்னால் எப்போதும் யாராவது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காகிதத்தில்தான் நீ என் தங்கையாக இருக்கிறாய். அதனால் எழுது.

இக்னாஸ் ஆப்கானிஸ்தானுக்குப் போய் இருபது நாளாகிறது. வழியனுப்பப் போன இடத்தில் உன் அத்தான் அவனுடைய முதுகுப்பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். கடைசியில் அவனே, "அப்பா, விடுங்க. இது பை, கழுதை இல்ல" என்று சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்துமஸ் மேஜையில் சித்தி பேசிய பேச்சுதான் பிள்ளையை அனுப்பிவிட்டது என்று உன் அத்தான் இன்றும் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவன் ராணுவத்தில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அங்கே போகப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தான். நீ ஊஞ்சலை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டாய், அவ்வளவுதான்.

நான் சமைக்கிற விமானத் தளத்தில் ஜனவரியில் புதுக் குழு வந்திருக்கிறது. நமக்குச் சொந்தமாக ஒரு போர்விமானம்கூடக் கிடையாது. ஆனால் நம் வானத்தைக் காக்க முறைவைத்து வருகிற ஒவ்வொரு நாட்டுப் பையன்களின் வயிற்றையும் நான் அறிவேன். சிலருக்கு உப்பு போதாது, சிலருக்கு ரொட்டி கறுப்பாக இருக்கக்கூடாது. போன வாரம் இறைச்சி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்தேன். ஒரு விமானி அதைத் தட்டில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதைச் சாப்பிடுவதா, விமானத்தில் ஏற்றிக் கீழே போடுவதா என்று கேட்டானாம். அப்புறம் ஐந்து தின்றான்.

அவர்கள் பறக்கும்போது சமையற்கூடத்துக் கண்ணாடியெல்லாம் அதிரும். நான் திட்டுவேன். பனிமூட்டத்தால் இரண்டு நாள் பறக்காமல் இருந்தால் என் காது அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறது.

பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை அனுப்பு. நான் பின்னினால் கடிக்கிறதாம்.

உன் அக்கா,
அல்டோனா

பிரஸ்ஸல்ஸ்
3 மார்ச் 2010

அன்புள்ள அக்கா,

திட்டியது போதும், எழுதிவிட்டேன். காலுறை நான்கு ஜோடி அனுப்பியாயிற்று. இக்னாஸிடமிருந்து நேற்று மின்னஞ்சல் வந்தது. அங்கே மலை அழகாக இருக்கிறதாம், காபி மட்டும் சேற்றுத் தண்ணீராம், கேஸ்தாஸ் என்ற நண்பனோடு சேர்ந்து தேநீருக்கு மாறிவிட்டானாம்.

அத்தானுக்கு என் மேல் கோபம் இருக்கட்டும். நான் அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன். நமக்கு ஆபத்தென்றால் ராணுவக் கூட்டணியின் மற்ற இருபத்தேழு நாடும் ஓடிவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களில் ஒருவர் கூப்பிடும்போது நாம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா? அம்மாவைப் பதினைந்து வயதில் மாடு ஏற்றும் ஒரு ரயில்பெட்டியில் அடைத்து சைபீரியாவுக்குக் கொண்டுபோனபோது நமக்காக யாரும் வரவில்லை. நீ பிறந்ததே அந்தப் பனியில். உன் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் படித்து ஒவ்வொரு விமான நிலையத்திலும் புருவத்தைத் தூக்குகிறார்களே, அதை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நாம் கூட்டணியில் சேர்ந்த அன்று அம்மா சதுக்கத்தில் நின்று கொடி ஏறுவதைப் பார்த்தாளே, அந்த முகத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

வேலை என்ன பெரிய வேலை. கூட்டணித் தலைமையகத்துக்கு வருகிற காகிதங்களை நம் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். பாதி பாலம் கட்டுவது பற்றி, மீதி யார் எங்கே உட்காருவது என்பது பற்றி. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் சொன்னாலும் நீ கொட்டாவிதான் விடுவாய்.

பிள்ளை ஜூலையில் வந்துவிடுவான். நானும் வருகிறேன். ஏரிக்குப் போகலாம்.

அன்புடன்,
உன் யூராதே

ஷியௌலியாய்
6 மே 2010

யூராதே,

அடக்கம் முடிந்து நீ விமானம் ஏறிய பிறகு எனக்கு நாள் கணக்கு தெரியவில்லை. இன்று வியாழன் என்று நாட்காட்டி சொல்கிறது.

நீ இருந்தபோது ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. அவர்கள் முதலில் வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சமையற்கூடத்துக்கு வந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு பாதிரியார். நூறு பேருக்கு உருளைக்கிழங்கு வேகப் போட்டிருந்தேன். வாசலில் பாதிரியாரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், தண்ணீர் கொதிக்கட்டும், கொஞ்சம் இருங்கள் என்று சொன்னேன். அவர்களும் இருந்தார்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக. நான் உப்பு போட்டேன். கரண்டியைக் கழுவினேன். கழுவிய கரண்டியைத் திரும்பக் கழுவினேன். கொதி வந்தது. அதற்கப்புறம்தான் அவர்களைப் பார்த்துத் திரும்பினேன்.

எதிரியின் ராக்கெட் என்றார்கள். மூன்று பேர் அதே இடத்திலேயே. ஒருவன் கால் போய்ப் பிழைத்தான், அது கேஸ்தாஸ்.

நான் ஏன் அவர்களைக் காக்க வைத்தேன்? அந்தப் பத்து நிமிடம் அவன் உயிரோடு இருந்தான் என்று தோன்றுகிறது. பைத்தியம் மாதிரி எழுதுகிறேன். உன்னிடம்தான் எழுத முடியும்.

பெட்டியைத் திறக்க விடவில்லை. உன் அத்தான் கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றார்கள்.

அக்கா

பிரஸ்ஸல்ஸ்
13 ஜூன் 2010

என் அக்கா,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவது இது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு சரியில்லை, வேலையும் அதிகம்.

நீ காக்க வைத்ததில் தவறே இல்லை. நானாக இருந்தால் நாள் முழுவதும் காக்க வைத்திருப்பேன்.

ஒன்றை மட்டும் நம்பு. அவன் வலியில் கிடக்கவில்லை. பயப்படக்கூட அவனுக்கு நேரம் இருந்திருக்காது. காலை வெயிலில் அந்த மண்சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பான். அவனை அப்படியே நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் வர முடியாதுபோல இருக்கிறது. விடுப்பு கிடைக்கவில்லை. அத்தானிடம் சொல்.

நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. சாப்பிடு. தூங்கு.

உன் யூராதே

ஷியௌலியாய்
2 செப்டம்பர் 2010

யூராதே,

கடந்த ஞாயிற்றுக்கிழமை கேஸ்தாஸ் வந்தான். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்கள். இன்னும் பழகவில்லை, ஊன்றுகோலோடு பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறான். நல்ல பையன். நான் வைத்ததையெல்லாம் சாப்பிட்டான். உன் அத்தான் அவனுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். குடிக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்குப் பேசக்கூடாதுன்னு உத்தரவும்மா. ஆனா உங்க முகத்தைப் பார்த்துட்டு பேசாம போனா நான் மனுசன் இல்ல" என்றான்.

அது ராக்கெட் இல்லை, யூராதே. பள்ளத்தாக்கில் ரோந்து போன இன்னொரு குழு சண்டையில் மாட்டிக்கொண்டு விமான உதவி கேட்டிருக்கிறது. விமானம் வந்தது. இடத்தைக் குறிக்கும் எண்களில் எங்கேயோ தவறிவிட்டது. எதிரி இருந்த மேட்டில் போட வேண்டியதை நம் பையன்கள் தங்கியிருந்த மண்சுவர் வீட்டின் மேல் போட்டுவிட்டார்கள். நம் கூட்டணி விமானம். எந்த நாட்டு விமானம் என்பதையும் கேஸ்தாஸ் சொன்னான். விமானச் சத்தம் கேட்டதும் நம்ம ஆளுங்க வந்துட்டாங்க என்று சொல்லி நால்வரும் கை அசைத்தார்களாம்.

உன் அத்தான் எழுந்து வெளியே போய் விறகு பிளந்தார். விறகு தேவையே இல்லை, கோடைக்காலம்.

பிறகு நான் கேஸ்தாஸிடம் கேட்டேன், என் பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்று. மண்சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தான் என்றான். சத்தம் கேட்டு எழுந்து கையசைத்துவிட்டு, தண்ணீர் கொதித்துவிடும் என்று திரும்ப உட்கார்ந்தானாம்.

எனக்கு அது ஏற்கெனவே தெரிந்ததுபோல இருந்தது. எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அலமாரியிலிருந்து உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தேன்.

இதை யாரிடமெல்லாம் சொன்னாய் என்று கேஸ்தாஸைக் கேட்டேன். மருத்துவமனைப் படுக்கையில் விசாரணைக்காரர்களிடம் மட்டும்தான், எழுதிக்கொண்டு போனார்கள், தன் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றான்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் காகிதம் உன்னிடம் வந்ததா?

நேற்று தளத்தில் குழு மாறியது. புதிதாக வந்திருப்பது அந்த நாட்டுக்காரர்கள். அவர்களுடைய கொடியை என் சமையற்கூட ஜன்னலுக்கு நேரே ஏற்றியிருக்கிறார்கள்.

அல்டோனா

பிரஸ்ஸல்ஸ்
10 செப்டம்பர் 2010

அக்கா,

வந்தது.

மே 26ஆம் தேதி காலை. வழக்கமான உறையில், மற்ற காகிதங்களோடு. மொழிபெயர்த்துத் தரவேண்டிய விசாரணை அறிக்கை, முப்பத்துநான்கு பக்கம். பதினோராம் பக்கம் வரை யாரோ ஒருவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் பக்கத்தில் பெயர்கள் இருந்தன. நம் பிள்ளையின் பெயரை 'இங்காஸ்' என்று எழுத்து மாற்றித் தட்டச்சு செய்திருந்தார்கள். நான் அதைத் திருத்தினேன், அக்கா. அடித்துவிட்டுச் சரியாக எழுதி, ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். திருத்தினால் அப்படிப் போடுவது வழக்கம்.

இது என் அக்காள் மகன், என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் குடும்பப் பெயர் வேறு, யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் காகிதத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள், மீதி இருபத்துமூன்று பக்கத்தை நான் படிக்க முடியாது. அதனால் படித்தேன். மொழிபெயர்த்தேன். மூன்று நாள் ஆனது. நல்ல மொழிபெயர்ப்பு என்று பாராட்டினார்கள்.

அந்த நாடு இதை இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. நம் ஆட்களும் ஒப்புக்கொண்டார்கள். நம் வானத்துக்கு விமானம் அனுப்புவதை இன்னும் எத்தனை வருடம் நீட்டிப்பது என்ற பேச்சு அந்த வாரம்தான் நடந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் வருவது யார் முறை என்று உனக்கே தெரியும். நம் நாட்டு அதிகாரி ஒருவர், நல்லவர்தான், அவருடைய அப்பாவும் சைபீரியாவில் செத்தவர், என் அறையில் உட்கார்ந்து சொன்னார்: "மூணு பேருக்காக முப்பது லட்சம் பேரோட கூரையைப் பிரிக்க முடியுமா, சொல்லுங்க." அந்த மூன்றில் ஒருவன் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன். பயந்து ஆட்டவில்லை, அக்கா. சரி என்று நினைத்துத்தான் ஆட்டினேன். இதை எழுதும்போதும் அது தவறு என்று முழுதாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பொய் சொல்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

ஆனால் உன்னிடம் மறைத்தது? அதற்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. தேநீரைப் பற்றி மட்டுமாவது உனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. கொடுத்தேன். ஜூலையில் விடுப்பு கிடைத்திருந்தது. உன் முன்னால் உட்கார முடியாது என்றுதான் வரவில்லை.

நீ சொல்லு. வேலையை விட்டுவிடுகிறேன். அறிக்கையைத் தபாலில் போடச் சொன்னால் போடுகிறேன், சிறைக்குப் போனாலும் சரி. அத்தானிடம் என்ன வேண்டுமானாலும் சொல். ஒரு வரி எழுது.

யூராதே

ஷியௌலியாய்
24 அக்டோபர் 2010

யூராதேவுக்கு,

நீ இதற்கிடையில் எழுதிய மூன்று கடிதமும் கிடைத்தன. நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அத்தானிடம் முழுதும் படித்துக் காட்டினேன். அவர் கத்தவில்லை. இந்தக் கூட்டணியே வேண்டாம், எல்லாரும் அவரவர் ஊருக்குப் போகட்டும், "வானம் காலியாவே கிடக்கட்டும்" என்றார். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, அவர் மேல். "காலியா கிடந்த வானத்துக்குக் கீழதான் எங்கம்மாவை ரயில்ல ஏத்தினாங்க" என்றேன். நான் மறுநாள் வேலைக்குப் போனேன். போகமாட்டேன் என்று அவர் நினைத்திருந்தார்.

அந்த நாட்டுப் பையன்கள் நாற்பது பேர் வரிசையில் வந்தார்கள். குளிர்ந்த பீட்ரூட் சூப்பின் இளஞ்சிவப்பைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஒருவன் நம் மொழியில் நன்றி சொல்லப் பழகிக்கொண்டு வந்திருந்தான், தும்முவதுபோல இருந்தது. நான் ஊற்றிக்கொண்டே அவர்கள் கைகளைத்தான் பார்த்தேன். எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயதுக் கைகள். எந்தக் கை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் அவர்களுடைய தளபதி, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சமையற்கூடத்துக்கே வந்தார். மொழிபெயர்க்க நம் தளத்து அலுவலகப் பெண்ணைக் கூட்டிவந்திருந்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பிறகு என் மகன் பெயரைச் சொன்னேன், ஏப்ரல் 17 என்று தேதியைச் சொன்னேன், அவன் எப்படிச் செத்தான் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் ஒரு வார்த்தையையும் விடவில்லை.

அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை, யூராதே. எனக்கு அதுதான் பேரதிர்ச்சி. அப்படியே உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "எங்க ஆள் ஒருத்தன் ஏப்ரல்ல இருந்து பறக்கறதில்ல. கூடப் படிச்சவன். ஏன்னு கேட்டா எழுந்து போயிடறான். இப்பதான் புரியுது" என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

யாரிடமும் அனுமதி கேட்காமல் அன்றே அவர் தன் தலைநகரத்துக்கு எழுதினார். குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைப்பது அசிங்கம், மறைத்தால் நான் இங்கே பறக்கமாட்டேன் என்று. அந்தப் பெண்தான் அடுத்த நாள் என்னிடம் சொன்னாள். பத்தொன்பது நாளில் என் வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றார்கள், அவர்கள் நாட்டிலிருந்து இருவர், நம் தலைநகரிலிருந்து ஒருவர். மன்னிப்பைப் படித்தார்கள். அறிக்கையை மூன்று குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். பதினோராம் பக்கத்தில் பெயர் சரியாக இருக்கிறது. ஓரத்தில் உன் எழுத்தையும் பார்த்தேன். உன் அத்தானுக்குக் காட்டவில்லை.

அந்தத் தளபதியைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். விமானங்கள் இருக்கின்றன. கூரை ஒன்றும் பிரிந்துவிடவில்லை.

நீ நம்பமாட்டாய், நீ சொன்ன கணக்கு எனக்கும் புரிகிறது. மே மாதமே யாராவது என் வீட்டுக்கு வந்து, இதை இப்போது சொன்னால் விமானம் வராமல் போகலாம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் நான் பொறுத்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாக இருந்திருப்பேன், உன் அத்தானையும் இருக்க வைத்திருப்பேன். அந்தப் பாரத்தைச் சுமக்க என்னைவிடத் தகுதியானவள் யார்? என்னை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு நான் யாரோ. நீ கேட்டிருக்கலாம்.

நேற்று முன்தினம் மதியச் சாப்பாட்டின் நடுவில் மணி அடித்தது. கடல் பக்கம் அடையாளம் சொல்லாத விமானம் ஏதோ வந்ததாம். இரண்டு பேர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் அவர்கள் கிண்ணங்களைத் தட்டு போட்டு மூடி அடுப்போரமாக வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து சாப்பிட்டார்கள்.

வேலையை விடவேண்டாம். சிறையும் வேண்டாம், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. வந்த மூவரில் நம் ஆள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். முதலில், இதை உங்களுக்கு யார் சொன்னது என்றார். நூறு பேருக்குச் சமைக்கிறவள் காதில் என்னென்னவோ விழும் என்றேன். அடுத்து, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது முன்பே தெரியுமா என்றார்.

யாரும் இல்லை என்றேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. இனி எங்கும் சொல்லமாட்டேன்.

அல்டோனா